இழை: அப்போதியோசிஸ் – ‘தெய்வநிலை ஏற்றம்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். ஆட்டக் கலைச்சொற்களைத் தமிழாக்கும் இந்த இழையில், அப்போதியோசிஸ் (சாகக்கூடிய கதாபாத்திரம் தெய்வமாகிவிடுவது) என்பதற்கு ஒருவர் இப்படிச் சொன்னார்:

> ‘தெய்வநிலை ஏற்றம்’ என்றே வைத்துவிடலாம். பாத்திரம் மேலே போகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்றால் நான் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் மேசைப் பாத்திர ஆட்டங்களில் லெவல் கூடுவதை ஏற்றம் என்றுதான் எழுதி வருகிறோம். ஐந்தாம் லெவலிலிருந்து ஆறுக்குப் போவதும் ஏற்றம், சாகக்கூடிய மனிதர் தெய்வமாவதும் ஏற்றம் என்றால், ஆட்டம் நடத்துபவர் இரண்டையும் ஒரே கையால்தான் நடத்துவார். அடியின் வலு கூடும், எதிரி பெரிதாவான், சண்டை மட்டும் பழைய சண்டையாகவே இருக்கும். தெய்வமான பிறகு, பல அமர்வுகளாக நீளும் தொடராட்டம் சப்பென்று போய்விடுகிறது என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

விதிநூல்களைப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தின், பெட்டிகளாக வந்த பழைய விதிநூல் வரிசையில் 36ஆம் லெவல்தான் உச்சி. அதற்கு அப்பால் 1986இல் இம்மார்ட்டல்ஸ் பெட்டி வந்தது. அந்த நிலைக்கு யாரும் தாமாக ஏறிவிட முடியாது. முன்பே அழிவற்றவரான ஒருவர் கைகொடுக்க வேண்டும், அவர் வைக்கும் சோதனைகளையும் தாண்ட வேண்டும். அதே ஆட்டத்தின் 2008 நான்காம் பதிப்போ வேறு வழி. 21ஆம் லெவலில் பாத்திரத்துக்கு ஓர் ஊழ் (எபிக் டெஸ்டினி) அமைகிறது. அரைத்தெய்வமாவது அவற்றில் ஒன்று. 30ஆம் லெவலை எட்டி அந்த ஊழ் நிறைவேறினால் பாத்திரத்தின் கதையே முடிந்துவிடும். 2016இல் வந்த காட்பவுண்ட் என்ற வேறோர் ஆட்டம் இரண்டையும் தலைகீழாக்கியது: முதல் அமர்விலேயே பாத்திரங்களிடம் தெய்வ வலு இருக்கிறது.

ஆக, ஓரிடத்தில் பிறர் ஆக்குகிறார்கள், ஓரிடத்தில் ஆனதும் கதை முடிகிறது, ஓரிடத்தில் அங்கிருந்துதான் கதையே தொடங்குகிறது. தமிழில் தன்வினையும் பிறவினையும் கைவசம் இருக்கும்போது இதை ஏன் ஒரே சொல்லில் அடைக்க வேண்டும்? என் பரிந்துரை: பொதுச்சொல்லாகத் தெய்வமாதல்; புரவலர் ஒருவர் உயர்த்தும் ஆட்டங்களுக்குத் தெய்வமாக்கம். ‘தெய்வத்துள் வைக்கப்படும்’ என்ற குறள் தொடரிலும் வைப்பவர் வேறொருவர்தானே. தெய்வங்களாகவே ஆடும் தொடராட்டத்துக்குத் தெய்வாட்டம். சுருக்கமாக இருக்கிறது, வாயிலும் நிற்கிறது.

தெய்வாட்டத்துக்குத் தனிப்பெயர் கேட்பதற்குக் காரணம், மேசையில் நடத்தும் முறையே மாறிவிடுகிறது என்பதுதான். நதியைத் தன் புலமாகக் கொண்ட பாத்திரம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஆடுபவர், “வெள்ளத்தை நிறுத்துகிறேன்” என்கிறார். இங்கே பகடையை உருட்டச் சொல்வது வீண். வெள்ளம் நின்றுவிட்டது என்று உடனே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: “வண்டலை நம்பியிருந்த கீழ்க்கரைக்காரர்கள் உன் பெயரைச் சொல்லித்தான் வேண்டுகிறார்கள். காதில் விழுகிறது. என்ன செய்யப்போகிறாய்?” மேசை அமைதியாகிவிடும். மற்ற ஆடுநர்களும் பேச்சில் இறங்குவார்கள், ஏனென்றால் கீழ்க்கரை இன்னொரு பாத்திரத்தின் அடியார்கள் வாழும் இடமாக இருக்கும். அப்படி இல்லையென்றால் இருக்கும்படி நீங்கள் அமைக்க வேண்டும். முடியுமா முடியாதா என்ற கேள்வி போய், யாருக்கு நல்லது, யார் தலையில் விடியும் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

காட்பவுண்ட் இதற்குக் கணக்கும் வைத்திருக்கிறது. தெய்வம் கவனம் செலுத்தும்வரை மட்டும் நிற்கும் மாற்றம் ஒரு வகை, கவனத்தை எடுத்த பிறகும் நிலைக்கும் மாற்றம் இன்னொரு வகை. முன்னதைச் செல்வாக்கு என்றும் பின்னதை ஆட்சி என்றும் தமிழாக்கலாம். வெள்ளத்தைச் செல்வாக்கால் தடுத்துவிட்டுக் கவனத்தை வேறொன்றுக்குத் திருப்பினால் நதி திரும்பவும் பொங்கும். ஆட்சியைச் செலவிட்டால் கரை என்றைக்கும் காக்கப்படும். ஆனால் ஆட்சி எளிதில் சேராது. இந்த ஒரு விதியே பல அமர்வுகளுக்குத் தீனி போடும்.

அடுத்து டொமைன், அதாவது ஒரு தெய்வம் ஆளும் துறை. இதற்கு வந்த யோசனை:

> ‘திணை’ என்று வைத்தால் அழகாக இருக்கும். தொல்காப்பியமே நிலத்துக்கு ஒரு தெய்வம் சொல்கிறதே?

அழகுதான், எனக்கும் ஆசைதான். ஆனால் மரணம், போர், உறக்கம், பொய் என்றெல்லாம் ஆடுபவர்கள் கேட்பார்கள். அவற்றை நிலத்தோடு ஒட்டவைக்க முடியாது; திணை என்றதும் முதல், கரு, உரி என்று படித்தவர் மனம் வேறெங்கோ போய்விடும். ‘ஆள்களம்’ இணைய முகவரிக்குப் போய்விட்டது. அதனால் ஆள்புலம் என்கிறேன். ‘நதி ஆள்புலத்தாள்’, ‘போர் ஆள்புலத்தான்’ என்று பாத்திரத் தாளில் எழுதவும் வசதி.

வொர்ஷிப் பாயின்ட்டுக்கு ‘வழிபாட்டுப் புள்ளி’ போதும், அதில் மறுப்பு இல்லை. ‘அருட்புள்ளி’ மட்டும் வேண்டாம்: அருள் தெய்வம் தருவது, இந்தப் புள்ளியோ அடியார்களிடமிருந்து தெய்வத்துக்கு வருவது.

ஊழ் என்பதை எபிக் டெஸ்டினிக்கு நிலையாக வைத்துக்கொள்ளலாமா என்பதில்தான் மற்றவர்கள் கருத்து எனக்கு வேண்டும். ஊழ் தேடி வருவது; நான்காம் பதிப்பிலோ ஆடுபவரே பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்.