புதுப்பிப்பு: சுண்டெலியும் தகரக் கூண்டும்

அரிசி மூட்டையைச் சுண்டெலி ஓட்டை போடுகிறது, விஷம் வைக்க மனமில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா? பலரும் சொன்ன தகரக் கூண்டையே வாங்கினேன். ஒன்று மாட்டிய பிறகும் அடுத்தது உள்ளே போகலாம், வெளியே வரத்தான் முடியாது.

சுண்டெலி சுவரை ஒட்டியே ஓடும் என்பதால், காஸ் சிலிண்டருக்குப் பின்னால் சுவரோரமாக வைத்தேன். மசால்வடையைச் சீண்டவே இல்லை (என்ன திமிர்!). சுட்ட தேங்காய்ச் சில்லுக்கு ஒரே இரவில் மூன்று. காலையில் கூண்டுக்குள் ஒரே கீச்சுகீச்சு.

தினமும் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே செத்து நாறும். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும் என்பதால் கையுறை போட்டு, கூண்டைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைக்கிறேன்.

அப்புறம், சிங்க் குழாய்ச் சந்தில் இரும்பு நார் திணித்து சிமென்ட் பூசியாயிற்று. பென்சில் நுழையும் சந்தே சுண்டெலி புகப் போதும். இப்போது கூண்டு காலி.