தஜ்ஜாலின் குருட்டுக் கண் வலமா, இடமா? விளக்கம் தேவை

அஸ்ஸலாமு அலைக்கும். மஹல்லா பள்ளிவாசலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஹதீஸ் வகுப்பு எடுக்கும் நான், சென்ற வாரம் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்ட இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நிற்கிறேன்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ள இப்னு உமர் (ரலி) அறிவிப்பு, இறுதிக்காலத்தில் தோன்றும் பெரும் பொய்யனான தஜ்ஜாலுக்கு வலக்கண் குருடு என்றும், அது துருத்திய திராட்சை போன்றது என்றும் கூறுகிறது. முஸ்லிமில் உள்ள ஹுதைஃபா (ரலி) அறிவிப்போ இடக்கண் என்கிறது.

முஸ்லிம் தொகுப்புக்கு இமாம் நவவி எழுதிய விரிவுரையைப் பார்த்தேன். திராட்சைக்கு அடைமொழியாக வரும் அரபுச் சொல்லை ஹம்ஸா என்ற எழுத்துடன் 'தாஃபிஆ' என ஓதினால் ஒளி அவிந்த கண், ஹம்ஸா இல்லாமல் 'தாஃபியா' என ஓதினால் புடைத்த கண். ஆகவே ஒரு கண் அவிந்தது, மற்றது புடைத்தது, இரு கண்களுமே பழுதானவை என்று இரு அறிவிப்புகளையும் இணைக்கும் அறிஞர் காழீ இயாளின் விளக்கத்தை நவவி எடுத்துரைக்கிறார். என்னிடமுள்ள தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடே தெரியவில்லை. உள்ளூர் ஆலிம் ஒருவர் அறிவிப்பாளரின் தடுமாற்றம் என்று முடித்துவிட்டார். இரண்டு அறிவிப்புகளுமே ஸஹீஹ் (ஆதாரபூர்வமானவை) என்பதால் எனக்கு அது ஒப்பவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பாடம் எழுத வேண்டும். இயாளின் விளக்கப்படி வலக்கண்ணுக்கு உரியது ஹம்ஸாவுள்ள ஓதலா, இல்லாத ஓதலா?