கல்லூரி மாதப் பத்திரிகை மூன்றாவது இதழோடு நிற்கிறது, என்ன செய்யலாம்?

காட்பாடி மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஹெல்த் அசிஸ்டென்ட் பட்டயம் படிக்கிறேன், ஒரே வருடப் படிப்பு. எங்கள் பிரிவு, டெய்லரிங், ஏசி மெக்கானிக், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இருந்து சிலர் சேர்ந்து மாதம் ஒரு பத்திரிகை கொண்டு வருகிறோம். நாலு பக்கம், ஜெராக்ஸ். இரண்டு இதழ் வந்துவிட்டது. மூன்றாவது பாதியில் நிற்கிறது.

முதல் இதழ் முழுக்க வாழ்த்துரை. பெரியவர்கள் எல்லோரும் ஆர்வமாக எழுதிக் கொடுத்தார்கள், போட்டோம். இரண்டாவதில் அம்மா, நட்பு, மழை என்று கவிதைகள். பிள்ளைகள் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு பெஞ்சு மேலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள், அதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. செய்தி எழுதுங்கள் என்றால் 'எனக்கு எழுத வராது' என்று ஒரே பதில். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பாதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள். ஷூ கம்பெனி, துணிக்கடை, மெடிக்கல் ஷாப். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வகுப்புக்கு வரும் அக்காக்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். பெண்கள் கழிப்பறையில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வருவதில்லை. எங்களில் ஒருத்தி அதைச் செய்தியாக எழுதினாள். அலுவலகத்தில் காட்டியபோது, இதெல்லாம் பத்திரிகையில் போடுகிற விஷயமா, கல்லூரிப் பேர் கெட்டுப்போகும், கோலப்போட்டி போட்டோ போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு எல்லோருக்கும் ஆர்வம் போய்விட்டது. மார்ச், ஏப்ரலோடு எங்கள் படிப்பும் முடிந்துவிடும். அடுத்த வருடம் வருகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை எப்படி நிமிர்த்துவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லாங் பஜார் டிடிபி அக்கா:

தங்கச்சி, எழுதுகிற விஷயத்தை மற்றவர்கள் சொல்லட்டும், நான் என் வேலையை, அதாவது பக்கம் வடிவமைத்து அடிக்கிறதைப் பற்றிச் சொல்கிறேன். ஏ3 தாளை ஒரு மடிப்பு மடித்தால் நாலு ஏ4 பக்கம், அதைத்தான் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கூட்ட வேண்டுமென்றால் எட்டு ஆகும், ஆறு பக்கம் என்று யோசித்தால் உள்ளே ஒரு தாள் தனியாக ஆடிக்கொண்டு இருக்கும். இப்போதைக்கு நாலே போதும். நூறு, இருநூறு பிரதி அளவுக்கு ஜெராக்ஸ்தான் சரி. ஆஃப்செட் அச்சில் பிளேட், அதாவது அச்சுத் தகட்டுச் செலவு எவ்வளவு குறைவாக அடித்தாலும் அதேதான், ஆயிரக்கணக்கில் அடிக்கும்போதுதான் கட்டுப்படியாகும்.

பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லாம் யூனிகோடு, போனில் வரும் பொதுவான எழுத்து முறை. எங்களைப் போன்ற பழைய கடைகளில் இன்னும் பாமினி மாதிரி எழுத்துருவில்தான் பக்கம் வடிவமைப்பார்கள், நேராக ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். அதனால் மறுபடி டைப் அடிக்கச் சொல்லிக் காசு கேட்பார்கள், பிழையும் புதிதாகச் சேரும். உங்களிடம் கம்ப்யூட்டர் பிரிவு இருக்கிறதே, அவர்களே ஸ்க்ரைபஸில் பக்கம் போட்டு பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போகட்டும், அந்த மென்பொருள் இலவசம். பிடிஎஃப் கொடுத்தால் எந்தக் கடையிலும் அப்படியே வரும். தமிழில் புள்ளியும் சுழியும் மேலே கீழே போவதால் வரிக்கு வரி இடம் தாராளமாக விடுங்கள், எழுத்து அளவு 12 பாயின்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். போட்டோ ஜெராக்ஸில் ஒரு படி கறுத்துப்போகும், அதனால் முன்னாலேயே வெளிச்சத்தைக் கூட்டிவிடுங்கள், இல்லையென்றால் முகம் தெரியாது. முக்கியமாக, தை, ஆவணி முகூர்த்தம் வந்தால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற எந்தக் கடையிலும் உங்கள் வேலையைத் தொட மாட்டார்கள், தேதியை அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பத்து பிரதி கூடுதலாக அடித்து நோட்டீஸ் போர்டு, கேன்டீன், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், பஸ் நிற்கும் இடத்தில் ஒட்டுங்கள். கையில் கொடுத்தால் படிக்காதவர்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது படிப்பார்கள்.

குடியாத்தம் பழைய நிருபர்:

ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவன். அம்மா, உங்கள் பத்திரிகை நின்றதற்குக் காரணம் எழுத ஆள் இல்லாதது அல்ல, கேட்டுவிட்டு வரும் ஆள் இல்லாதது. வாழ்த்துரையும் கவிதையும் உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடலாம். செய்திக்கு எழுந்து போக வேண்டும், நாலு பேரைக் கேட்க வேண்டும்.

சமுதாயக் கல்லூரி என்பது எதற்கு வந்தது என்று யோசியுங்கள். இந்தியாவில் முதலாவது 1995ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது, அடுத்த வருடம் சென்னையில் ஒன்று வந்தது. படிப்பு பாதியில் நின்றவர்கள், ஏற்கனவே வேலைக்குப் போய்விட்டவர்கள், வசதியில்லாத வீட்டுப் பெண்கள், இவர்களுக்குக் கைத்தொழிலும் பேச்சுத் திறனும் கொடுத்து, தொழில் நடக்கும் இடத்திலேயே பயிற்சிக்கு அனுப்பி வேலையில் உட்கார வைப்பதுதான் நோக்கம். அப்படியானால் உங்கள் வாசகர் மனதில் ஓடுவது என்ன? ட்ரெய்னிங்குக்கு எந்த ஆஸ்பத்திரி, அங்கே மதியச் சாப்பாடு உண்டா, நைட் டூட்டி போட்டால் எப்படித் திரும்புவது, பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது, சான்றிதழ் எப்போது கையில் கிடைக்கும், அதை வைத்து மேலே எங்கே சேரலாம். இதில் ஒவ்வொன்றும் ஒரு செய்தி. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதே, 2022ல் தொடங்கியது, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு. உங்கள் பட்டயப் படிப்புக்கு அது பொருந்துமா என்று சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் சமூக நலப் பிரிவுக்கு இரண்டு பேர் போய்க் கேட்டு, சொன்ன பதிலை அப்படியே முதல் பக்கத்தில் போடுங்கள். அந்த இதழை யாரும் பெஞ்சில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024ல் வந்தது, அதையும் சேர்த்தே கேளுங்கள். அப்புறம் வெயில். ஏப்ரல், மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும், ஏசி மெக்கானிக் பிரிவு ஒர்க்ஷாப் தகரக் கூரைக்குக் கீழே இருந்தால் மதியம் 2 மணிக்கு உள்ளே எவ்வளவு என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், அதுவே செய்தி.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கட்டாயம் போட வேண்டும், ஆனால் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. 'அலட்சியம்', 'கண்டுகொள்ளாத நிர்வாகம்' இந்த மாதிரி வார்த்தைகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். எந்தக் கழிப்பறை, எத்தனை குழாய், எத்தனை மணியிலிருந்து தண்ணீர் இல்லை, தொடர்ந்து ஒரு வாரம் பார்த்துத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, போர்வெல்லா லாரியா, தொட்டியின் கொள்ளளவு என்ன, மோட்டார் போடுகிற அண்ணனிடம் கேளுங்கள், அவருக்குத்தான் எல்லாம் தெரியும். பெரும்பாலும் இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருக்காது, ஆள் கூடியிருக்கும், தொட்டி அதே பழைய தொட்டியாக இருக்கும். கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் இருப்பார்கள், ஹெல்த் அசிஸ்டென்ட் படிக்கிற உங்களுக்கு அதனால் சிறுநீர்த் தொற்று வரலாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதையும் எழுதுங்கள். எல்லாம் எழுதிய பிறகு அலுவலகத்துக்கு ஒரு கடிதம்: இதை வெளியிடப் போகிறோம், உங்கள் பதில் என்ன, இந்தத் தேதிக்குள் கொடுத்தால் பக்கத்திலேயே போடுவோம். போடலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வரும். பதில் என்ன என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர்கள் இருப்பார்கள். பதில் வருவதற்குள் தண்ணீரே வந்துவிட்டாலும் செய்தியைக் கைவிட வேண்டாம், 'சரிசெய்யப்பட்டது' என்று சேர்த்துப் போடுங்கள், நிர்வாகத்துக்கும் அதில் மரியாதை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தனி ஆளின் பேரைப் போட்டுக் குற்றம் சாட்டாதீர்கள். அவதூறு இப்போதும் குற்றம்தான், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளுக்குப் பதில் 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356வது பிரிவு. ட்ரெய்னிங் போகிற ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதும்போது நோயாளி பேர், வார்டு, போட்டோ எதுவும் வரவே கூடாது, முகத்தை மறைத்தும் கூடாது.

ஆம்பூர் பையன்:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நாள் முழுக்க ஷூ கம்பெனியில் நின்றுவிட்டு வருகிறவனிடம் பேனாவைக் கொடுத்தால் எழுத மாட்டான், நானே அப்படிப் படித்தவன்தான். எழுதச் சொல்லாதீர்கள், பேசச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிஷம் குரல் பதிவு அனுப்பச் சொன்னால் பஸ்ஸில் வரும்போதே அனுப்பிவிடுவார்கள். எழுத வருகிற இரண்டு பேர் அதைக் கேட்டு எழுதி, சொன்னவரிடமே ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள். எழுதியவர் என்று அவர் பேரைப் போடுங்கள். எங்கள் காலேஜில் லெதர் கட்டிங் செக்ஷனில் வேலை பார்த்த ஒரு அக்கா, ஒரு தோலில் எந்தப் பகுதியை எதற்கு வெட்டுவார்கள், தழும்பு இருந்தால் எங்கே தள்ளுவார்கள் என்று பேசி அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தை எங்கள் வாத்தியார் வகுப்பில் வாசித்தார். அவர்கள் வீட்டுச் சுவரில் அது ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

அடுத்த வருடத்துக்கு ஆள் பற்றிக் கேட்டீர்களே. ஒரு வருடப் படிப்பில் அதுதான் பெரிய பாடு, மூன்று வருடம் படிக்கும் காலேஜில் சீனியர் ஜூனியர் என்று தானாக நடக்கும், நமக்கு நடக்காது. அதனால் கடைசி இதழை அட்மிஷன் நேரத்துக்கு என்றே தயார் செய்யுங்கள், புதிதாகச் சேருகிறவர்களுக்கு உள்ளது: எந்த பஸ் எத்தனை மணிக்கு, என்னென்ன சர்டிபிகேட் ஜெராக்ஸ் தேவை, யாரிடம் எதைக் கேட்கணும், எந்தக் கடையில் யூனிஃபார்ம் துணி. விண்ணப்பத்தோடு அதைக் கொடுக்கச் சொல்லி அலுவலகத்திடம் கேளுங்கள், அவர்களுக்கே வேலை குறையும் என்பதால் ஒத்துக்கொள்வார்கள். பின் பக்கத்தில் 'இதை நடத்த ஆள் வேண்டும்' என்று பெரிதாகப் போடுங்கள். படிப்பு முடிந்த பிறகும் உங்களில் யாராவது ஒருவர் ஆகஸ்ட் வரைக்கும் குரூப்பில் இருங்கள்.

பாகாயம் வாசி:

என் அக்கா பெண் கலிபோர்னியாவில் டி அன்சா என்ற சமுதாயக் கல்லூரியில் படித்தாள். அங்கே லா வோஸ் என்று மாணவர் பத்திரிகை இருக்கிறது. அதில் எழுதுவது இதழியல் வகுப்போடு சேர்ந்தது, மதிப்பெண் உண்டு. ஆசிரியர் ஆலோசனை சொல்வார், எதைப் போடுவது என்று முடிவெடுப்பது மாணவர்கள். அச்சடித்து விநியோகிப்பதை வெறும் பிடிக்கவில்லை என்பதற்காகத் தடுக்க முடியாது, ஆபாசம், அவதூறு, சட்டமீறலைத் தூண்டுவது போன்றவை மட்டும் கூடாது என்று அந்த மாநிலக் கல்விச் சட்டமே சொல்கிறது. நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை, ஆனால் மதிப்பெண் யோசனையை நாம் எடுத்துக்கொள்ளலாமே. உங்களுக்கும் தகவல் தொடர்புத் திறன், கம்ப்யூட்டர் என்று பாடம் இருக்குமே, இதழ் வேலையை அந்தப் பாடத்தின் அசைன்மென்ட்டாக வைக்க முடியுமா என்று அந்த ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டு வேலை ஒரு வேலையாகும்.

காட்பாடி மாணவி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குரூப்பில் இந்தப் பதில்களைப் போட்டேன், இன்று சாயங்காலமே ஏழு பேர் கூடினோம். குழாய்க் கணக்கு திங்கட்கிழமை தொடங்குகிறோம், டெய்லரிங் பிரிவு அக்கா ஒருவர் தானாகவே நோட்டு வாங்கிக்கொண்டார். கலெக்டர் ஆபீஸ் போக இரண்டு பேர் தயார். கம்யூனிகேஷன் மிஸ்ஸிடம் அசைன்மென்ட் பற்றி நான் கேட்கிறேன். நிருபர் அண்ணா, அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினால் யார் கையெழுத்துப் போடுவது? ஒருத்தி மட்டும் போட்டால் அவளைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இன்னொரு சந்தேகம், பத்திரிகை நடத்த அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு ஆசிரியர் சொன்னார், அதனால்தான் சிலர் தயங்குகிறார்கள்.

குடியாத்தம் பழைய நிருபர்:

எல்லோரும் போடுங்கள் அம்மா, பிரிவுக்கு இரண்டு பேராவது, பசங்களும் சேர்த்து. வட்டமாகக் கையெழுத்திட்டால் யார் முதலில் என்ற பேச்சே வராது. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லாங் பஜார் டிடிபி அக்கா:

பதிவு பற்றிப் பயப்பட வேண்டாம். பத்திரிகைப் பதிவுக்கான 1867ம் வருடச் சட்டம் போய் 2024 மார்ச்சிலிருந்து புதுச் சட்டம் நடக்கிறது, அது பொதுச் செய்திகளும் அவற்றைப் பற்றிய கருத்துகளும் வெளியிடும் பத்திரிகைகளுக்கானது. உங்களுடையது கல்லூரிக்குள் இலவசமாகச் சுற்றுகிற தாள். சிற்றிதழ்க்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற மாதிரி கடைசிப் பக்கம் அடியில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று ஒரு வரி, கல்லூரி முகவரி, மாதம், இதழ் எண் போடுங்கள். விலை போடாதீர்கள், வெளியே கடையில் வைக்காதீர்கள். ஜெராக்ஸ் செலவுக்கு யூனிஃபார்ம் துணிக் கடையிலும் டீக்கடையிலும் ஒரு சின்ன விளம்பரம் கேளுங்கள், கொடுப்பார்கள். பிடிஎஃப் ஆனதும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு தங்கச்சி, பிழை பார்த்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.