போலன்யியின் ஆரம்பகாலச் சிந்தனையை எங்கே தொடங்கலாம்?

குழித்துறைக்காரன்:
ஹங்கேரியப் பொருளாதாரச் சிந்தனையாளர் கார்ல் போலன்யி 1944-இல் வெளியிட்ட ‘The Great Transformation’ என்ற பெரிய புத்தகத்தைப் படித்து முடித்தேன். சந்தையின் மேல் அவருக்குள்ள கோபம் வெறும் பொருளாதாரக் கோபமாகத் தெரியவில்லை, அடியில் ஒரு அறக்கேள்வி கிடக்கிறது. ஹங்கேரியில் இருந்த காலத்திலேயே இது இருந்ததா? நாகர்கோவிலில் இதைப் பேச ஆள் கிடைக்கவில்லை, அதான் இங்கே கேட்கிறேன்.

தக்கலை அக்கா:
இருந்தது தம்பி. 1908-இல் புடாபெஸ்டில் தொடங்கிய கலிலியோ வட்டம் என்ற மாணவர் அமைப்புக்கு அவர்தான் முதல் தலைவர், தொழிலாளர்களுக்கு வகுப்பெல்லாம் எடுத்தார்கள். அப்புறம் முதல் உலகப் போர், 1919-இல் வியன்னாவுக்குப் போய்விட்டார். நீங்கள் 1927-இல் சுதந்திரம் பற்றி அவர் எழுதியதில் தொடங்குங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் நினைத்தது கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் எங்கோ சீனாவில் ஒருவர் சாவார், அழுத்துவீர்களா என்ற பழைய கேள்வியை அதில் எடுக்கிறார். காசு கொடுத்துப் பொருள் வாங்கும் எல்லோரும் தினமும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறோம், சாகிறவர் கண்ணில் படாததால் நம்மைச் சுதந்திரமானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம் என்கிறார்.

குலசேகரம் ரப்பர்:
முந்திரி ஆலைக்கு வந்து பாருங்கக்கா. பக்கத்து வீட்டு அம்மா சாம்பலைப் பூசிக்கொண்டுதான் கொட்டை உடைக்கிறார், அப்படியும் கொட்டைத் தோட்டிலுள்ள எரிக்கும் எண்ணெய் பட்டு விரல்நுனி கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். டப்பாவில் வெள்ளைப் பருப்பு வாங்குகிறவருக்கு விலைச்சீட்டுதானே தெரியும்? ஆனா ஒண்ணு, மனசு உறுத்தி நான் வாங்காமல் விட்டால் போவது அந்த அம்மாவின் கூலி.

தக்கலை அக்கா:
சரிதான், தனியாள் ஒதுங்கிக்கொண்டால் தீராது என்பதுதான் போலன்யியின் வாதமும். சோசலிசத்தில் விலைக் கணக்கே போட முடியாது என்று சந்தையை ஆதரித்த ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் மீசஸ் 1920-இல் எழுதியதற்கு 1922-இல் போலன்யி பதில் சொன்னார்: உழைப்பவர்களின் சங்கமும் வாங்குபவர்களின் அமைப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து கூலியையும் விலையையும் பேசி முடிக்கட்டும், யாருக்கு என்ன நோவு என்பது அந்தப் பேச்சில் வெளியே வரும். எல்லாவற்றையும் மேலிருந்து திட்டமிடும் அரசும் அவருக்கு ஆகாது.

குலசேகரம் ரப்பர்:
பேச்சு முறிந்தால் யார் தீர்ப்பு சொல்வது?

தக்கலை அக்கா:
மீசஸும் அதையேதான் கேட்டார்! உழைப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆட்கள்தான், அதனால் முறிவு நிலைக்காது என்று 1924-இல் போலன்யி எழுதினார். எனக்கு அது பாதிதான் ஒப்புகிறது. கொட்டை உடைக்கிறவர் வீட்டில் எத்தனை நாள் முந்திரிப்பருப்பு வாங்குகிறார்கள்?