ஆஸ்திரேலியாவின் கடல் ரேஞ்சர்களோடு (தங்கள் கடலைக் காக்கும் பூர்வகுடிப் பணியாளர்கள்) கடல் விலங்குகளைக் கணக்கெடுக்கப் போனவர்கள் உண்டா? மறக்காத ஒன்றைச் சொல்லுங்கள்

பவளத்திட்டு:
ஆஸ்திரேலியாவின் வடமுனையில் டோரஸ் நீரிணை, ஆவுளியா (கடல்பசு) கணக்கெடுப்பு. ஹார்ன் தீவிலிருந்து சிறிய விமானம், 500 அடி உயரம். முறை இதுதான்: ஒரே பக்கத்தில் முன்னும் பின்னுமாக இருவர், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது. எனக்கு முன்னால் தீவுக்காரர், மூத்த ரேஞ்சர். (அங்கே பெரியவர்களை அங்கிள் என்றே அழைக்கிறார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.) ஆர்மன் திட்டுகளுக்கு மேலே பால் விட்ட தேநீர்போல ஒரு கலங்கல், கடற்புல் மேய்ந்து கிளப்பிய சேறு. அதன் நுனியில் ஒரு முதுகு. "ஒன்று" என்றேன். இறங்கிய பிறகு ஒலிப்பதிவைப் போட்டால், அவர் குரல்: "தங்கல், இரண்டு, ஒன்று குட்டி." (தங்கல் என்றால் அவர்கள் மொழியில் ஆவுளியா.) நான் பார்த்த அதே முதுகின் மேல்தான் குட்டி ஒட்டிக்கொண்டிருந்ததாம். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தாய் மெதுவாகத் திரும்பினாள்" என்றார். மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும் விலங்கு. அந்தக் குட்டியை நான் பார்க்கவே இல்லை.

மணல்மேடு:
ரெய்ன் தீவு, ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில். 2020-இல் 64,000 பச்சை ஆமைகள் என்று செய்தி வந்ததே, அந்த இடம். இரவில் முட்டையிட ஏறும் ஆமைகளின் ஓட்டில் ரோலரால் வெள்ளைக் கோடு போடுவோம். பகலில் ட்ரோன் கோடு உள்ளதையும் இல்லாததையும் படம் பிடிக்கும், அந்த விகிதத்தை வைத்து மொத்தம் கணக்கிடுவோம். ஒன்று பாறை இடுக்கில் மல்லாந்து கிடந்தது. நான் ரோலரோடு அதன் பக்கத்தில் நின்றேன், எங்கே பூசுவது என்று. அந்தத் தீவுக்கு உரிய வுத்தாத்தி பூர்வகுடியைச் சேர்ந்த ரேஞ்சர் என் கையிலிருந்து ரோலரை வாங்கிக் கீழே வைத்தார். நான்கு பேராகப் புரட்டினோம். நிமிர்ந்ததும் அது விட்ட மூச்சு, கிழவர் திண்ணையில் உட்காரும்போது விடுவாரே, அப்படி.

நேர்மேடை:
ஒரு தீவில் ஆமை அறுப்பதைப் பார்த்தேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடித்துத் தின்பவர்களே எண்ணுவதா? பாலுக்குப் பூனை காவலா?

மல்லிப்பட்டினத்தான்:
நேர்மேடை, ஆஸ்திரேலியாவின் 1993-ஆம் ஆண்டு பூர்வகுடி உரிமைச் சட்டம், 211-ஆம் பிரிவு. சொந்தத் தேவைக்குப் பிடிக்க அவர்களுக்கு உரிமை உண்டு, விற்க இல்லை. நாளைக்கும் வேண்டும் என்பவன்தான் ஒழுங்காக எண்ணுவான். எங்கள் பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தார்கள். வலையில் விழுந்ததை முதலில் பார்ப்பது மீனவன்தான். என் சித்தப்பா ஒருமுறை வலையை அறுத்து விட்டார். அது போகாமல் படகடியிலேயே சற்று நேரம் நின்றதாம். என் கதை அவ்வளவுதான்.

பவளத்திட்டு, அடுத்த முறை போலராய்டு கண்ணாடி போடுங்கள், நீரின் பளபளப்பு அடங்கும். வெயில் முகத்தில் அடிக்கும் பக்கம் உட்கார்ந்தால் பாதி கண்ணுக்குத் தெரியாது. காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இட்லி போதும். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வயிறு புரட்டிய பிறகு போட்டுப் பயனில்லை. தூக்கம் வராத மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். இஞ்சி மிட்டாயே போதும் என்பவர்களை நம்பாதீர்கள்.

பவளத்திட்டு:
கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன், ஐயா. மாத்திரையும் விழுங்கியிருந்தேன்.