அக்காவிடம் பேச ஒரு மனநல மருத்துவர் தேவை

குழுவினருக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். தனக்கு ஆண்கள் மீதே ஈர்ப்பு என்று 22 வயதான என் அக்காள் மகன் சொன்ன நாள் முதல், அது அவனாகத் தேடிக்கொண்ட பழக்கம் என்றே நம்பும் அக்கா, அதை மாற்ற மருந்து தேடி அலைகிறார். 2019இல் ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், இதைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணு கிடையாது, பல மரபணுக்களும் பிற காரணங்களும் சேர்ந்தே பங்களிக்கின்றன என்றார்கள். அதைச் சொன்னால், 'அப்படியானால் அவன் விருப்பம்தானே' என்கிறார். உயரத்துக்கும்தான் ஒற்றை மரபணு இல்லை. அதற்காக உயரத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லையே. தம்பி நான் சொல்வது எடுபடவில்லை. இந்த ஈர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சையைத் தடைசெய்ய 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் அவர் பொருட்படுத்தவில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ, பெற்றோரிடம் தமிழில் பொறுமையாக விளக்கக்கூடிய மனநல மருத்துவர் எவரையேனும் அறிந்திருந்தால், தயவுசெய்து தனிச்செய்தியில் தெரிவியுங்கள். பையன் சாப்பாடுகூட ஒழுங்காக இல்லாமல் இருக்கிறான்.