ஒரே கிளவுஸ் எல்லாவற்றுக்கும் போதுமா? ஏர் ரைபிள், மலைப்பாதை பைக், காப்பித் தோட்டம்

நாகலூர்க் காப்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் நாகலூரில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். வாரத்தில் ஆறு நாள் தோட்டம், ஞாயிறு மட்டும் சேலத்தில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி. ஐந்து மாதமாகப் போகிறேன். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குவது, ஏறுவது எல்லாம் பைக்கில்தான். கோச் சொன்னபடி காலையில் கொஞ்சம் டம்பெல்லும் தூக்குகிறேன்.

மார்கழி விடியலில் கீழே இறங்கும்போது விரல் மரத்துப் போகிறது. போன மாதம் ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மனசுக்குத் தெரிகிறது, விரல் மடங்க ஒரு கணம் தாமதித்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கே கிளவுஸ் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆன்லைனில் 'டாக்டிகல் கிளவுஸ்' என்று ஒன்று கண்ணில் பட்டது. முட்டிக்கு மேல் கெட்டி பிளாஸ்டிக், மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை. சுடுவதற்கு, பைக்குக்கு, விளையாட்டுக்கு, வீட்டு வேலைக்கு என எல்லாவற்றுக்கும் ஆகும் என்று போட்டிருந்தார்கள். எம் சைஸ் வாங்கினேன். என் கைக்கு ஒவ்வொரு விரல் நுனியிலும் அரை அங்குலம் காலியாகத் தொங்குகிறது.

அதைப் போட்டுக்கொண்டே ஒரு ஞாயிறு ரேஞ்சில் நின்றேன். பெல்லட்டை டப்பாவிலிருந்து எடுக்கவே மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. அப்புறம் துப்பாக்கியை ஏந்தி, குறி இன்னும் அடங்காத நேரத்தில் ஷாட் போய்விட்டது. ட்ரிகரை அழுத்தினேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. தொங்கிய துணிதான் முதலில் போய்த் தொட்டிருக்கிறது. குழல் இலக்குப் பக்கமே இருந்ததால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் அன்று முழுக்க நெஞ்சு படபடத்தது.

சின்னக் கைக்குப் பொருந்துகிற, இத்தனைக்கும் ஆகிற ஒரு ஜோடி உண்டா? இல்லை நான் தேடுவதே தப்பா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பத்துமீட்டர் எழுதியது:

சகோதரி, நடந்ததை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கே நன்றி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் ட்ரிகர். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான விசை, குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏர் ரைபிளுக்கு அப்படிக் கீழ் வரம்பே இல்லை. அதனால் எவ்வளவு லேசாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்கிறார்கள். விரல் தோல் உலோகத்தைத் தொடுவது தெரிய வேண்டும், ட்ரிகரை இழுக்கும்போது முதல் கட்டம் முடிந்து விரல் தட்டி நிற்பது தெரிய வேண்டும். நடுவில் துணி வந்தால் இரண்டும் போச்சு. ட்ரிகர் கைக்கு எந்தக் கிளவுஸும் வேண்டாம். குளிராக இருந்தால் ரேஞ்சுக்கு வந்ததும் கையை அக்குளில் வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றிக்கொள்ளுங்கள். நான் பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

ரைபிள்காரர்கள் கிளவுஸ் போடுவது துப்பாக்கியைத் தாங்குகிற கைக்கு. வலக்கைக்காரருக்கு அது இடக்கை. துப்பாக்கிக் கட்டைக்கு அடியில் கை வழுக்காமல் இருக்கவும், நாடித்துடிப்பு துப்பாக்கிக்கு ஏறாமல் இருக்கவும் அது உதவும். சர்வதேச விதிப்படி முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சேர்த்து அளந்தால் கனம் 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மணிக்கட்டு எலும்பின் நடுவிலிருந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. மணிக்கட்டில் பட்டையோ வேறு எந்தப் பூட்டோ இருக்கவே கூடாது. உங்கள் டாக்டிகல் கிளவுஸில் வெல்க்ரோ இருக்கிறது அல்லவா? அந்த ஒன்றுக்காகவே போட்டியில் கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். பெல்லட் ஈயம். அதைத் தொட்ட கிளவுஸை வீட்டு வேலைக்கும் போட்டால் ஈயத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோகிறீர்கள். ரேஞ்ச் கிளவுஸ் ரேஞ்ச் பையிலேயே இருக்கட்டும். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ குடிக்க வேண்டும்.

---

செவ்வாய்ப்பேட்டை லேத் எழுதியது:

தங்கச்சி, அளவைச் சரியாகப் பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். தையல் டேப்பை எடுத்து, கட்டை விரலை விட்டுவிட்டு, மற்ற நாலு விரல் முட்டிகளுக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி அளந்து பார். எத்தனை அங்குலமோ ஏறக்குறைய அதுதான் உன் சைஸ் நம்பர். 7 என்றால் 178 மில்லிமீட்டர், 8 என்றால் 203. எம், எல் என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதே. நம்பர் போட்டதைக் கேட்டு வாங்கு. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும்.

நல்ல வேலைக் கிளவுஸின் புறங்கையில் ஒரு கேடயத்துக்குள் சுத்தியல் படம் அச்சிட்டிருக்கும். பக்கத்தில் ஈ.என். 388 என்ற ஐரோப்பியத் தர எண், அடியில் நாலு எண். முதல் எண் தேய்மானம் தாங்குவது, அடுத்து வெட்டு, மூன்றாவது கிழிசல், நாலாவது குத்து. எண் கூடினால் பலம் கூடுதல். எக்ஸ் என்றிருந்தால் அந்தச் சோதனை செய்யவில்லை. ஐந்தாவதாக ஏ முதல் எஃப் வரை ஒரு எழுத்து இருந்தால் அதுவும் வெட்டுக்குத்தான், எஃப் உயர்ந்தது. கவாத்துக் கத்தி பிடிக்கிற உனக்கு வெட்டும் குத்தும்தான் பார்க்க வேண்டியவை. 'ஹெவி டியூட்டி' என்று பெரிசாக எழுதியிருப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. சுற்றுகிற மிஷினில் கிளவுஸ் போடாதே. டிரில்லிங் மிஷினில் நுனித் துணி ஒரு இழை மாட்டினால் போதும், கையையே இழுத்துக்கொள்ளும். என் பட்டறைச் சுவரில் முதல் வரியாக அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். எங்களிடம் வேலை கற்ற பையன் ஒருவன் சுண்டுவிரலை இழந்தது இப்படித்தான்.

---

அடிவாரம் பைக் எழுதியது:

அக்கா, பைக்குக்குத் தனி ஜோடி கட்டாயம். ஈ.என். 13594 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது பைக் ஓட்டுவதற்கான தரம். அதோடு கே.பி. என்று இருந்தால் முட்டிப் பாதுகாப்பும் சோதித்தது. விழுந்தால் முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கைதான், அங்கே இரண்டு அடுக்குத் தோல் இருக்கட்டும். மணிக்கட்டுப் பட்டையும் இங்கே வேண்டும், இல்லாவிட்டால் விழும்போது கிளவுஸ் கழன்று பறந்துவிடும்.

---

சேர்வராயன் நிழல் எழுதியது:

நானும் தோட்டக்காரன்தான்மா. நாற்பது வருஷம் ஆச்சு.

காப்பிப் பழம் பறிக்கக் கிளவுஸ் வேண்டாம், பழுத்ததை விரல்தான் சொல்லும். கவாத்துக்கும் மிளகு ஏணிக்கும் ஆட்டுத்தோல் போடு. மாட்டுத்தோலைவிட மெலிசு, ஆனால் நன்றாக உழைக்கும். மணிக்கட்டைத் தாண்டி நாலு விரல் நீளம் இருக்கணும். கையைக் கிளைக்குள் விட்டதும் செவ்வெறும்பு உள்ளே போகிற வழி அந்தக் கிளவுஸ் வாய்தான். சட்டைக் கையை அதற்குள் சொருகிக்கொள்.

போர்டோ கலவை தெளிக்கிற நாளில் தோல் கிளவுஸைத் தொடவே தொடாதே, மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு மறுநாளும் உன் கையில் விடும். ரப்பரோ நைட்ரைலோ போடு. மழையில் நனைந்த தோலை நிழலில் காயவை. நான் ஒருமுறை காப்பிக் களத்திலேயே வெயிலில் போட்டுவிட்டேன். சாயங்காலம் எடுத்தால் அப்பளம் மாதிரி விறைத்து, மடக்கின இடமெல்லாம் வெடித்திருந்தது.

---

நாகலூர்க் காப்பி எழுதியது:

எல்லோருக்கும் மனதார நன்றி. முந்தாநாள் ராத்திரியே அளந்து பார்த்தேன். ஏழு அங்குலத்துக்கு ஒரு நூல் கூடுதல். அதாவது 7. எம் சைஸ் ஏன் தொங்கியது என்று இப்போது புரிகிறது.

நேற்றுச் சேலத்தில் அண்ணன் சொன்ன மாதிரிக் கடையில் 7 நம்பர் ஆட்டுத்தோல் ஒரு ஜோடி கிடைத்தது. கடையிலேயே போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் இருந்த ஒரு ரூபாய்க் காசை மேஜையில் வைத்து எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது முயற்சியில் வந்துவிட்டது. இது தோட்டத்துக்கு மட்டும்.

பைக் ஜோடியை அடுத்த மாதம் மிளகுப் பணம் வந்ததும் வாங்குகிறேன். அதுவரை டாக்டிகல் கிளவுஸ் அதற்கு ஓடட்டும். பிரேக் பிடிக்க நுனி இடைஞ்சல் செய்கிறது என்பதால் வலக்கையில் இரண்டு விரல் நுனியையும் உள்ளே மடித்துத் தைத்துவிட்டேன், வீட்டு முற்றத்தில் நிறுத்தி லீவரை இருபது தடவை பிடித்துப் பார்த்த பிறகுதான் கீழே இறங்கினேன். ரேஞ்சில் இனி வலக்கை வெறும் கைதான். இடக்கைக்கு இப்போதைக்குக் கிளப்பில் இருக்கிற பழைய ரைபிள் கிளவுஸைக் கோச் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் பெரிதுதான், ஆனால் மணிக்கட்டில் பட்டை இல்லை.

டம்பெல்லுக்கு யாரும் சொல்லவில்லையே! விரல் நுனி திறந்த, உள்ளங்கையில் மட்டும் மெத்தை வைத்தது போதுமா, இல்லை வெறும் கையே நல்லதா? காய்ப்பு காய்த்தால் துப்பாக்கிக் கட்டையைப் பிடிக்கிற உணர்வு மாறுமா என்பதுதான் என் கவலை.

---

பத்துமீட்டர் எழுதியது:

மாறும் சகோதரி. நுனி திறந்ததே போட்டுக்கொள்ளுங்கள். ட்ரிகர் விரலின் முதல் கணு மட்டும் எப்போதும் மெத்தென்று இருக்கட்டும், கவாத்து முடித்த ராத்திரி அதில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் படுங்கள்.